தலைவிக்கு நீல மாத்திரை

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க. எனக்கு எதிர்க்காத்து ஆகாது. கூடையை மடியில வெச்சுக்கறேன், இடம் தாராளமா இருக்கு. இந்தச் சத்தத்தை மட்டும் மனசுல வெச்சுக்காதீங்க. முன்னாடி கெக்கலி கொட்டிச் சிரிக்கறது, பின்னாடி முறுக்குத் திங்கறது, கண்டக்டர்கிட்ட வாயாடறது எல்லாம் எங்க ஆளுங்கதான். மகளிர் குழு. பன்னெண்டு பேரு. நான் தலைவி. பேரு சாந்தாமணி.

தலைவின்னா பெருசா நினைச்சுக்க வேண்டாம். எதுன்னாலும் என்னை முன்னால தள்ளி விட்டுடுவாங்க, அதுக்குப் பேருதான் தலைவி. இந்த நாலு மாசமா நான் பட்ட பாடு இருக்கே, அதை யாருகிட்டயாச்சும் சொல்லணும். எங்க ஊருல சொல்ல முடியாது. அங்க எல்லாருமே இதுல கூட்டு. நீங்க முன்னப்பின்ன தெரியாதவங்க, அதனால சொல்லலாம்.

எங்க பக்கம் ஆம்பளைங்கல்லாம் ரிக் வண்டி. போர் போடற லாரிங்க. சத்தீஸ்கரு, ராஜஸ்தானு, மண்ணு எங்க காஞ்சு கிடக்குதோ அங்க நம்மாளுக இருப்பாங்க. மழை புடிச்சாத்தான் வீடு திரும்புவாங்க. எங்கூட்டுக்காரரு பழனியப்பன், வண்டிக்கு மேனேஜரு. தங்கமான மனுசன். நானாச் சொல்லலைங்க, அவரே எங்கிட்ட பல தடவை சொல்லியிருக்காரு.

கேம்ப் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கலை. அதனால அங்க தனியா ஒரு வீடு எடுத்திருக்காரு. சமைக்கறதுக்கு ஒரு பொம்பளை வருது. பாவம், போக்கிடம் இல்லாத ஜீவன், அங்கயே தங்கிக்குது. போன தீபாவளிக்கு எனக்கு எடுத்த மாதிரியே அதுக்கும் ஒரு சேலை எடுத்துக் குடுத்திருக்காரு. சமையக்காரிக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே மாதிரி எடுக்கற மனசு எத்தனை பேருக்கு வரும், சொல்லுங்க.

அது எனக்கு எப்படித் தெரியும்னா, கோமதி காட்டுனா. கோமதி எங்க குழுச் செயலாளரு. அதோ, மூணாவது சீட்டுல நீலச் சேலை. அவ புருசன் அதே வண்டியில டிரில்லரு. அவன் அனுப்புன போட்டோவுல அந்தப் பொம்பளை நிக்குது, என் சேலையைக் கட்டிக்கிட்டு. கோமதி போனை எங்கிட்ட நீட்டிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. இந்தக் கலரு எனக்குத்தான் எடுப்பா இருக்குன்னு சொன்னேன். ஆமாங்கக்கான்னுட்டுப் போயிட்டா.

சரி, கதைக்கு வர்றேன்.

வைகாசியில ஒரு டிரஸ்ட்டுல இருந்து செலின் மேடம்னு ஒருத்தங்க குழுக் கூட்டத்துக்கு வந்தாங்க. கையில ஒரு பெட்டி. எச்.ஐ.வி. வராம இருக்கறதுக்குப் பொம்பளைங்களுக்குன்னு புதுசு புதுசா வழி வந்திருக்கு, அதைப் பத்திப் பேசணும்னாங்க. நான் சேலை வியாபாரமாக்கும்னு எல்லாரையும் வரச் சொல்லியிருந்தேன். முதல்ல கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருந்துச்சு.

மேடம் பெட்டியைத் திறந்து ஒரு வளையத்தை எடுத்தாங்க. ரப்பர் மாதிரி வழவழன்னு, வெள்ளையா. இதை உள்ள வெச்சுக்கிட்டா ஒரு மாசத்துக்கு மருந்து கொஞ்சங் கொஞ்சமா இறங்கும், அப்புறம் வேற மாத்திக்கணும்னு சொன்னாங்க. எங்க உள்ளன்னு அங்கம்மா கேட்டா. மேடம் சொன்னாங்க. அப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஒருத்தியும் யாரு மூஞ்சியையும் பாக்கல.

அப்புறம் கை மாறிக் கை மாறி எல்லாரும் தொட்டுப் பாத்தாங்க. ருக்குமணி அதை இழுத்துப் பாத்துட்டு, எங்கூட்டு மோட்டாருக்கு இப்படி ஒரு வாசரு கிடைக்காம நாயா அலையறோம்னா. அங்கம்மா கொண்டையில மாட்டிக்கிட்டு நல்லாருக்கான்னு கேட்டா. தண்ணிக்குடம் தூக்கினா விழுந்துருமான்னு ஒருத்தி, தும்மினான்னு இன்னொருத்தி. மேடம் எல்லாத்துக்கும் பொறுமையாப் பதில் சொன்னாங்க. ஊசி ஒண்ணு வந்திருக்குன்னாங்க, வருசத்துக்கு ரெண்டே தடவை. மாத்திரை இருக்கு, தினம் ஒண்ணு. வளையமும் ஊசியும் நம்ம கைக்கு வர நாளாகும், எது வந்தா உங்களுக்குத் தோதுன்னு கேக்கத்தான் வந்தேன், மாத்திரை மட்டும் இப்பவே தர முடியும்னாங்க.

அப்ப கோமதி கேட்டா, "இதெல்லாம் ஆம்பளைக்குத் தெரியணுங்களா மேடம்?"

"வேண்டியதில்லம்மா. ஆணுறைன்னா அவரு ஒத்துக்கணும். இது உங்க கையில இருக்கறது."

அங்கம்மா கொண்டையில இருந்த வளையத்தைக் கழட்டி உத்துப் பாத்தா.

மாத்திரை வேணுங்கறவங்க பேரு குடுக்கலாம்னு மேடம் சொன்னதும் ஒருத்தியும் அசையல. எப்படி அசைவாங்க. கையைத் தூக்கினா புருசனைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகிடுமே. தலைவியாச்சே, நான்தான் எந்திரிச்சேன். எங்க குழுவுல அப்படிப்பட்ட வீடு ஒண்ணுகூட இல்லீங்க மேடம், நீங்க பக்கத்து ஊருல கேட்டுப் பாருங்கன்னேன். எல்லாரும் திரும்பி என்னையே பாத்தாங்க. தலைவி நம்ம மானத்தைக் காப்பாத்திட்டான்னு அவங்களுக்கு அப்படி ஒரு பெருமை. அங்கம்மா கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு.

மறுநாள்ல இருந்து கோமதி என்னை விடல. மாத்திரை வாங்கிக்கலாங்கக்கா, வாங்கிக்கலாங்கக்கா. எனக்குப் புரிஞ்சு போச்சு. அவ புருசன் மேல அவளுக்கு ஏதோ சந்தேகம், தனியாப் போக வெக்கம், என்னைத் துணைக்குக் கூப்பிடறா. ஒரு நாளு மாவு மில்லுல புடிச்சுக்கிட்டா. மிசினு ஓடற சத்தத்துல ஒண்ணும் கேக்காது, நானும் கத்திக் கத்திப் புத்தி சொன்னேன். உம் புருசன் அங்க வேற வழியில போனா அது உன் தப்பு இல்லை, நீ தலை குனியாத, சட்டையை மோந்து பாரு, போனை வாங்கிப் பாருன்னு. கடைசி வார்த்தை சொல்லும்போது கரண்டு போயிடுச்சு. மில்லு முழுக்கக் கேட்டுச்சு.

கோமதி மாவுத் தூக்கைக் கீழ வெச்சுட்டு, "அக்கா, நான் எம் புருசனைப் பத்திச் சொல்லல. அண்ணன்..." அப்படின்னு ஆரம்பிச்சா.

"கோமதி, எங்கூட்டுக்காரரைப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது."

அத்தோட நிறுத்திக்கிட்டா. எங்க நங்கையா, அவரு கூடப் பொறந்த அக்காதான், ஒரு தடவை இப்படித்தான் தம்பியைப் பத்தி என்னமோ சொல்ல வாயெடுத்தாங்க. அவங்களோட ரெண்டு வருசமா எனக்குப் பேச்சே இல்லை. அது ஊருக்கே தெரியும். கோமதிக்குத் தெரியாதா. குழுவை உடைச்சுக்கிட்டு நான் வெளிய போயிடுவேன்னு பயந்திருப்பா.

அடுத்த கூட்டத்துலதாங்க கூத்து.

எங்க குழுவுல ஒரு வழக்கம். எது வந்தாலும் பன்னெண்டு பேருக்கும் பங்கு. லோன் வந்தா பன்னெண்டு பேரும் வாங்கணும், ஒருத்தி கட்டலைன்னா மத்தவங்க கட்டணும். கவர்மென்டு கோழிக்குஞ்சு குடுத்தப்ப கோழியே ஆகாத சைவக்காரி ருக்குமணிக்கும் பங்கு குடுத்தோம், அவ அதுங்களுக்குப் பேரு வெச்சு வளத்துக்கிட்டு இருக்கா. இன்னொண்ணு, எதுவா இருந்தாலும் தலைவி முதல்ல. நான் கையெழுத்துப் போடாம யாரும் போட முடியாது. டீ வந்தாக் கூட நான் ஒரு வாய் குடிச்சாத்தான் மத்தவங்க டம்ளரைத் தொடுவாங்க.

கோமதி எந்திரிச்சுச் சொன்னா. மாத்திரை தனி ஆளுக்கு வந்தது இல்லை, குழுவுக்கு வந்தது. ஒருத்தி ரெண்டு பேரு வாங்குனா ஊரு ஒரு மாதிரி பேசும், பன்னெண்டு பேரும் வாங்குனா யாரு வாயும் திறக்காது. வாங்குனா எல்லாரும், இல்லைன்னா யாருக்கும் வேண்டாம்.

இதுல நியாயம் இருக்குதான். ஆனா அங்கம்மாவுக்கு எதுக்குன்னு நான் கேட்டேன். அங்கம்மா தாலியறுத்து இருவது வருசம் ஆச்சு. அறுவது வயசுக்கு மேல. தனிக் கட்டை.

அங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு எந்திரிச்சா. "ஏன், எனக்கு வேண்டாமா? நாளைக்கே எவனாச்சும் வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன், பக்கத்து வீட்டுல போயிக் கடன் வாங்கறதா?"

சிரிச்சுச் சிரிச்சு ருக்குமணிக்கு விக்கல் வந்துடுச்சு. எல்லாரும் கை தூக்கிட்டாங்க. அங்கம்மா ரெண்டு கையையும் தூக்குனா. அப்புறம் பாத்தா, எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. தலைவி முதல்ல. நான் மாட்டேன்னா கோமதிக்கு இல்லை. பாவம், சின்ன வயசு. அவளுக்காகத்தாங்க நான் சரின்னேன். எனக்கு என்ன தேவை. தலைவின்னா நாலு பேருக்காகத் தியாகம் பண்ணித்தான் ஆகணும்.

செலின் மேடம் ஒத்துக்கல. இது சத்து மாத்திரை இல்லை, கும்பலா வாங்கறதுக்கு. ஒவ்வொருத்தரா உக்கார வெச்சுப் பேசணும், ரத்தம் பாக்கணும், தேவையானவங்களுக்குத்தான் தருவோம்னாங்க. சரின்னு இதே பஸ்ஸுல போனோம். ஆஸ்பத்திரியில நம்பிக்கை மையம்னு போர்டு இருக்கும், எச்.ஐ.வி.க்கு ரத்தம் பாக்கற இடம், அங்க.

அங்கம்மாவை உள்ள கூப்பிட்டு, கடைசியா எப்ப ஆம்பளை சகவாசம்னு மேடம் கேட்டிருக்காங்க. யோசிச்சுச் சொல்றேன்னுட்டு இந்தக் கிழவி கால் மணி நேரம் உக்காந்திருக்கா. உனக்கு வேண்டாம் தாயின்னதும் வராண்டாவுல வந்து சப்பணம் போட்டு உக்காந்துக்கிட்டா. என் பங்கைக் குடுக்காம எந்திரிக்க மாட்டேன்னு. கோமதி மேடத்தைத் தனியாக் கூட்டிட்டுப் போயி என்னமோ ரொம்ப நேரம் பேசுனா. அவ புருசனைப் பத்தித்தான் இருக்கும், நான் கேட்டுக்கல.

எங்கிட்ட மேடம் ஒரு மணி நேரம் பேசுனாங்க. தலைவியாச்சே. தினம் விடாம சாப்பிடணும், மூணு வாரம் போனாத்தான் முழுப் பலன், மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாக்கணும், மத்த நோவுக்கு இது கேக்காது. எல்லாம் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். உங்களுக்கே விருப்பமா, யாராச்சும் கட்டாயப்படுத்துனாங்களான்னு மூணு தடவை கேட்டாங்க. விருப்பந்தானுங்கன்னேன். உங்க வீட்டுக்காரரு எத்தனை மாசம் வெளியில இருப்பாருன்னாங்க. எட்டு மாசம்னேன். அங்க எங்க தங்குவாருன்னாங்க. சொன்னேன். வீடு, சமையக்காரி, சேலை, எல்லாம் சொன்னேன். மேடம் பேனாவை மூடி வெச்சுட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. எங்கூட்டுக்காரரோட நல்ல குணத்தைக் கேட்டா யாருக்குமே அப்படித்தான் ஆகும்.

ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு. நான் பாஸுன்னு வெளிய வந்து சொன்னேன். பாஸ், பெயில்னு சொல்லாதீங்க, இருந்தாலும் மருந்து இருக்கு, நல்லா வாழலாம்னு மேடம் கண்டிச்சாங்க. அதுக்குள்ள வராண்டாவுல பதினொரு பேரும் கை தட்டறாங்க. அங்கம்மா என்னைக் கட்டிக்கிட்டு ஒரே அழுகை. ருக்குமணியும் பாஸுதான், அவளை ஒருத்தியும் கட்டிக்கல. நான் பெயிலாயிருவேன்னு நினைச்சிருப்பாங்க போல. படிப்பு கம்மியில்லைங்களா நமக்கு.

கடைசியில எல்லாருக்கும் மாத்திரை கிடைச்சுது. ஆனா பாருங்க, எனக்கும் கோமதிக்கும் நீலம். மத்தவங்களுக்குச் செவப்பு. இது என்ன பாகுபாடுன்னு கேட்டேன். அங்கம்மாதான் சொன்னா, பொறுப்புல இருக்கறவங்களுக்கு நீலமாம். செவப்பு மாத்திரை நம்ம நர்சம்மா ரத்த சோகைக்குக் குடுக்கற மாத்திரை மாதிரியே இருக்கேன்னேன். ஒரே கம்பெனியா இருக்கும்னா. கோமதி மட்டும் அவ மாத்திரையை உள்ளங்கையில வெச்சு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தா. நான் விழுங்கிக் காட்டுனேன். அப்புறம் அவளும் விழுங்குனா.

நாலு நாளு போகல, எங்கூட்டுக்காரரு போன் பண்ணுனாரு. மழை முன்னாடியே புடிச்சுடுச்சு, வண்டியை ஊருக்குக் கிளப்பிட்டோம், நாளைக்கழிச்சு வந்துருவேன்னு. எனக்கு ஒரே சந்தோசம். குழாயடியில சொன்னேன். கோமதி குடத்தைக் கீழ போட்டுட்டா. எவர்சில்வர் குடம், நசுங்கிப் போச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் அங்கம்மாவுக்கு அருள் வந்துச்சு.

அங்கம்மாவுக்கு வாழ்க்கையில அருள் வந்ததில்லைங்க. கோயில்ல எல்லாரும் கண்ணை மூடுனா செருப்பைப் பாத்துக்கிட்டு நிப்பா. அன்னைக்கு மாரியம்மன் கோயில் முன்னாடி தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு ஆடறா. தலைவியைக் கூப்பிடுடான்னு ஒரே அதட்டல். போனேன். ஆடி நோம்பிக்கு உனக்குக் காப்புக் கட்டணும்னு ஆத்தா சொல்லிட்டா. காப்புன்னா உங்களுக்குத் தெரியுமே, கையில மஞ்சக் கயிறு கட்டிட்டா விரதம். கறி மீனு கிடையாது, புருசன் பாய் அந்தப் பக்கம், பொண்டாட்டி பாய் இந்தப் பக்கம்.

எத்தனை நாளுங்க ஆத்தான்னு பூசாரி கேட்டாரு. மூணு வாரம்னா. எங்க கோயில்ல எட்டு நாளுதாங்க வழக்கம். பூசாரி பணிவா அதைச் சொன்னாரு.

"எனக்கே கணக்குச் சொல்லித் தர்றயாடா?" ஆத்தாவுக்குக் கோவம் வந்துடுச்சு. "மூணு வாரம். ஒரு நாளு குறைஞ்சாலும் மருந்து வேலை செய்யாது."

மருந்துன்னா திருநீறுன்னு பூசாரி எல்லாருக்கும் விளக்கம் சொன்னாரு. கட்டியாச்சு.

எங்கூட்டுக்காரரு மூஞ்சியை நீங்க பாக்கணுமே. எட்டு மாசம் கழிச்சு வந்த மனுசன், கையில மஞ்சக் கயிறைப் பாத்ததும் பையைக் கூட இறக்கல. எட்டு நாளுதானேன்னாரு. மூணு வாரம்னேன். எந்த ஊருல இருக்கு இந்த அநியாயம்னு பூசாரிகிட்டயே போயிச் சண்டை. ஆத்தா மேல பயம் உண்டு அவருக்கு. வாசல்ல கயித்துக் கட்டிலைப் போட்டுக்கிட்டாரு. அவரு வந்ததுல இருந்து குழுக்காரிங்க எங்க வீட்டைச் சுத்திச் சுத்தி வர்றாளுக. பொழுது சாஞ்சதும் ஒருத்தி பொரிகடலை குடுக்க வருவா, உக்காந்தா எந்திரிக்க மாட்டா. ருக்குமணி ஒரு கோழியைக் கொண்டாந்து எங்க நடுக்கூடத்துல கட்டிப் போட்டுட்டா. பஞ்சவர்ணத்துக்கு உடம்பு சரியில்லை, இங்க இருந்தாத்தான் அது தூங்குதுன்னு. அந்தக் கோழி அவரு வீட்டுக்குள்ள காலெடுத்து வெச்சாலே கத்தும்.

அவரு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னாரு, இந்தக் குழுவுல முதல்ல இருந்து விலகிக்கன்னு. எனக்கும் அப்ப அவளுக மேல எரிச்சல்தான். ஆனா விலகுனா மாத்திரை யாருக்கும் இல்லைன்னு தீர்மானம். கோமதியை நினைச்சுப் பொறுத்துக்கிட்டேன்.

மூணு வாரம் முடிஞ்சு காப்பு அவுத்தோம். அங்கம்மா மேடத்துக்குப் போன் போட்டு, அவுக்கலாங்களான்னு கேட்டுட்டுத்தான் அவுத்தா. மாரியாத்தாவுக்கும் மேடத்துக்கும் என்ன சம்பந்தம். அவங்க வேற மதம்.

அவரு சாயங்காலமே குளிச்சு, பவுடரு போட்டுக்கிட்டு உள்ள வந்தாரு. நான் டப்பாவைத் திறந்து மாத்திரையை வாயில போட்டேன். தலைவலியான்னாரு. இல்லீங்க, குழு மாத்திரைன்னேன். எதுக்குன்னாரு. நான் எதையும் மறைக்கற ஆளு இல்லை. எச்.ஐ.வி. வராம இருக்கறதுக்குன்னு மேடம் சொன்னதை அப்படியே ஒப்பிச்சேன். வெளியூரு போயி வர்ற ஆம்பளைங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு ரொம்ப நல்லதாம், நம்ம வீட்டுல தேவை இல்லைதான், ஆனா தலைவியாச்சேன்னு.

அவரு கோவப்படல. சிரிக்கவும் இல்லை. அப்புறம் மெதுவா, "எனக்கும் குடுப்பாங்களா?"ன்னு கேட்டாரு.

பாத்தீங்களா. பொண்டாட்டி ஒரு மாத்திரை சாப்பிடறான்னா, துணைக்குத் தானும் சாப்பிடறேங்கற மனுசன். எனக்கு அப்படியே உள்ள உருகிப் போச்சு. ரத்தம் பாத்துட்டுத்தான் குடுப்பாங்கன்னேன். அவரு பவுடரு மூஞ்சியோட திரும்பக் கட்டிலுக்கே போயிட்டாரு. அன்னைக்கு மட்டும் இல்லைங்க. இன்னைய வரைக்கும் கட்டில்லதான் படுக்கறாரு. சோறு இறங்கறது இல்லை. வண்டி கிளம்பிப் போயிடுச்சு, அவரு போகல. அங்க இருந்து போன் வந்தா எடுக்கறதும் இல்லை.

நேத்துதான் சொன்னேன். நாளைக்கு எங்களுக்கு மூணாம் மாசத்து ரத்தம், நீங்களும் வந்து பாத்துக்கிட்டா மனசு லேசாகும், இருந்தாலும் மருந்து இருக்காம்னு. வாயில தானா வந்துடுச்சு அது. மேடம் சொல்லிச் சொல்லிப் பழகிப் போச்சு. அவரு என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, சரின்னாரு.

அதோ இருக்காரு. டிரைவருக்குப் பின் சீட்டு, வெள்ளைச் சட்டை. எங்களுக்கெல்லாம் ஓசிப் பயணம், டிக்கெட்டு எடுத்தது அவரு ஒருத்தருதான். கண்டக்டரு கூடக் கேட்டாரு, இத்தனை பொம்பளைங்களுக்கு நடுவுல நீங்க எங்கண்ணே போறீங்கன்னு. மிச்சச் சில்லறையை எண்ணாமயே பையில போட்டுக்கிட்டாரு.

எதுக்கு இப்ப எந்திரிக்கறாரு? இது ஆஸ்பத்திரி ஸ்டாப் இல்லையே, இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கு. இறங்கறதுக்குத்தான் போறாரு போல. அங்கம்மா பாருங்க, வழியில காலை நீட்டி உக்காந்திருக்கா. மூட்டு வலி அவளுக்கு, சட்டுனு மடக்க முடியாது. ருக்குமணியும் படியில நின்னு காத்து வாங்கறா. வழி விடுங்கடின்னு நான் ஒரு குரல் குடுத்தா விட்டுருவாளுக. தலைவி பேச்சுன்னா கேப்பாளுக.

விசில் அடிச்சாச்சு. வண்டி நகந்துடுச்சு.

திரும்பி என்னைத்தான் பாக்கறாரு, இல்லைங்களா? நான் அந்தப் பக்கம் பாக்கல. நீங்க பாத்துச் சொல்லுங்க, திரும்ப உக்காந்துட்டாரா? உக்காந்துட்டாரா. சரி.

இவ்வளவு நேரம் நானே பேசிக்கிட்டு வந்திருக்கேன், உங்களுக்கு எந்த ஊருன்னு கேக்கவே இல்லை பாருங்க. சொல்லுங்க. எத்தனை குழந்தைங்க, என்ன சோறு ஆக்குனீங்க, எதுன்னாலும் சொல்லுங்க. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் நிறுத்தாம சொல்லிக்கிட்டே வாங்க.